வியர்க்கும் சோப்புகள்

செங்காங், பன்னிரண்டாம் மாடி, இரவு பத்தரை.
ஜன்னல்கள் திறந்திருக்கின்றன.
கையுறை, கண்ணுக்குக் கவசம்,
தீபாவளிக்கு எடுத்த முழுக்கைச் சட்டை.
தண்ணீரில்தான் காஸ்டிக் சோடாவைக் கொட்ட வேண்டும்,
சோடாவில் தண்ணீரை அல்ல.
இதை மறந்தால் கல்யாணம் ரத்து என்று
ஃப்ரிட்ஜ் கதவில் எழுதி ஒட்டியிருக்கிறாள் யாழ்மொழி,
பதினாறு வருடம் கழித்து.

அடுப்பே இல்லாமல்
ஜாடி நீர் கொதிக்கக் கொதிக்கச் சூடேறுகிறது.
ஒவ்வொரு முறையும் ஒரு அடி பின்னால் நகர்கிறேன்.
பகலெல்லாம் மின்தூக்கிக் குழிகளில் நின்று
கம்பிவடத்தின் தேய்மானம் அளப்பவன் நான்.
தேங்காயெண்ணெய், பாமாயில், ஆலிவ்
எல்லாம் தராசில்தான்.
கண்ணளவு சாம்பாருக்கு.
இங்கே கொஞ்சம் தவறினாலும்
தோல் கணக்குக் கேட்கும்.

கலக்கக் கலக்க ஒரு கணம் வரும்:
கரண்டியிலிருந்து விழும் இழை
மூழ்காமல் மேலேயே கோடாகக் கிடக்கும்.
அப்போது மணம் சேர்க்க வேண்டும்.
குப்பியில் பாண்டான் என்று எழுதியிருக்கிறது.
எழுதியிருப்பதை நம்புகிறேன்.
எனக்கு மூக்கு இல்லை.

இருக்கிறது,
கண்ணாடி அதன்மேல்தான் உட்கார்ந்திருக்கிறது.
போன வருடத்துக் காய்ச்சல் ஒன்று
கிளம்பும்போது வாசனையை எடுத்துப் போய்விட்டது,
வாடகை பாக்கிக்குக்
காற்றாடியைக் கழற்றிப் போகிறவன்போல.
காப்பி வெறும் சூடு.
மழை வெறும் சத்தம்.
யாரோ டுரியானோடு ஏறிய மின்தூக்கியில்
எல்லாரும் மூச்சடக்கி நிற்க
நான் கதவுருளையின் கிறீச்சொலியை
நிதானமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

தினமும் முகர்ந்து பழகுங்கள் என்றார் டாக்டர்.
எலுமிச்சை, ரோஜா, கிராம்பு, யூகலிப்டஸ்.
நாலு குப்பி எட்டாகி, எட்டு முப்பதாயிற்று.
வீணாகிறதே என்று மெழுகுவத்தி வார்த்தேன்,
மல்லிகை.
எரிந்து தீரும்வரை எதிரிலேயே இருந்தேன்.
மின்தடை போலத்தான் இருந்தது.
பிறகு சோப்பு.

வெட்டிய கட்டிகள் ஆறு வாரம் காய வேண்டும்.
பாம் ஷெல்டரில் அடுக்குகிறேன்,
இஸ்திரி மேசைக்கும் அரிசி மூட்டைக்கும் நடுவே.
போர் வந்தால் நாம்தான் சுத்தமாகச் சாவோம்
என்கிறான் மகன்.
காலையில் இரும்புக் கதவைத் திறந்தால்
ஒவ்வொரு கட்டியின் நெற்றியிலும் முத்து முத்தாய் நீர்.
இந்தத் தீவின் காற்றில்
சோப்புக்கும் வியர்க்கிறது.
ஒரு துணியால் ஒற்றி எடுக்கிறேன்,
ஓவர்டைம் முடிந்து வந்தவர்களுக்குப்போல.

பெயர் வைப்பது மற்றவர்கள்.
எதிர்வீட்டு ருக்காயா முகர்ந்து
"கூவே கடை, காலை ஆறு மணி" என்றார்.
கீழ்மாடி மிஸ்டர் இங்
வெகுநேரம் கண்மூடி நின்று
"பரீட்சை நாள்" என்றார், விளக்கவில்லை.
மகன் எல்லாவற்றையும் டாக்ஸி என்கிறான்.
யாழ்மொழி மட்டும்
"நல்லாத்தான் இருக்கு."
அந்தத் 'தான்'
என்னைத் தூங்கவிடாது.
சொன்னதைச் சொன்னபடி எழுதி ஒட்டுகிறேன்:
கூவே கடை. பரீட்சை நாள். டாக்ஸி. டாக்ஸி 2.

போன வியாழன்
கெடு முடிந்த தட்டொன்றை வெளியே எடுத்தேன்.
ஏதோ எரிகிறது.
ரப்பர்.
பிரேக் கட்டை தேய்ந்து கருகும் அதே நாற்றம்.
ஸ்விட்சை எல்லாம் அணைத்தேன்.
வாஷிங் மெஷினைச் சுவரிலிருந்து இழுத்தேன்.
ஈரத் தலையோடு ஓடிவந்தவள்
என் கையிலிருந்த கட்டியை வாங்கி முகர்ந்தாள்.
"செண்பகம்" என்றாள்.
வாங்கி முகர்ந்தேன்.
ரப்பர்.
மறுபடி.
ரப்பர், ரப்பர், சத்தியமாக ரப்பர்.
பதினொரு மாதத்தில்
எனக்கென்று வந்த முதல் நாற்றம்.

துண்டுத்தாள் கிழித்துப்
'பிரேக்' என்று எழுதினேன்.
முதல்முறையாக நான் வைத்த பெயர்.

மறுநாள் அவள் அதில்தான் குளித்தாள்.
விளக்கணைத்த பிறகு
விடியும்வரை என் பக்கத்தில்
மின்தூக்கி ஒன்று கருகிக்கொண்டிருந்தது.
புரண்டு படுக்கவா என்றாள்.
வேண்டாம் என்றேன்,
இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம் வா.